வாற்கோதுமையும் ஏழு சுரமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு மேடைப் பேச்சு புதிது. சென்ற டிசம்பரில் குடும்பத்தோடு மூன்று நாள் சென்று வந்ததைப் பற்றிச் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். அதில் என் தோல்வி ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

தில்லியில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு வயது பதினேழு. இந்துஸ்தானி சங்கீதம் கற்க வேண்டுமென்று ஓராண்டாகக் கேட்டு வந்தாள். "நம் இசை இருக்க அயலார் இசை எதற்கு?" என்று நான் மறுத்தேன். சொல் தடித்தது. அவள் வீட்டில் பாடுவதையே நிறுத்திவிட்டாள். அந்த மௌனம் பொறாமல் என் மனைவிதான் இப்பயணத்திற்கு ஏற்பாடு செய்தாள்.

கால்காவில் சிம்லா செல்லும் சிறு ரயிலில் ஏறினோம். 1903-இல் திறக்கப்பட்ட 96 கிலோமீட்டர்ப் பாதை. தண்டவாளங்களின் இடைவெளி 762 மில்லிமீட்டரே. 2008-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. பரோக்கில் 1,143 மீட்டர் நீளக் குகையைக் கடந்ததும் சோலன். அதற்கடுத்து 'சோலன் புரூவரி' என்றே ஒரு நிலையம்! பீர் ஆலையின் பெயர் தாங்கிய நிலையத்தை அன்றுதான் கண்டேன்.

வாற்கோதுமையை முளைகட்டி, உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு இறக்குகிறார்கள். ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவை அதிலிட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடுகிறார்கள். குளிர்விக்கும் இயந்திரம் வராத காலத்தில் சமவெளியின் வெப்பம் இப்பக்குவத்தைக் கெடுத்துவிடும். ஆகவேதான் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலைக் குளிரையும் ஊற்று நீரையும் நாடி வந்தனர்.

அன்றிரவு விடுதியில், வாழ்நாளில் முதன்முறையாக, அரைக் கோப்பை பருகினேன். குடியை நான் புகழ வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். என் முகம் சுளித்ததைக் கண்டு, "வேப்பம்பூ ரசத்தைவிடவா கசக்கிறது?" என்றாள் மனைவி. மகள் நெடுநாளைக்குப் பின் சிரித்தாள். காய்ச்சலில் என் தாயார் வைத்துக் கொடுத்த பார்லிக் கஞ்சி நினைவுக்கு வந்தது. தானியம் அதுவே, நீரும் குளிரும் பக்குவமும் அதை வேறொன்றாக்கியிருந்தன.

மறுநாள் மலையிறங்கி, அம்பாலா வழியாக ஜலந்தர் சேர்ந்தோம். அங்கே தேவி தலாப் தலத்தில் 1875-இல் தொடங்கிய ஹர்பல்லப் சங்கீத விழா டிசம்பர் தோறும் நடைபெறுகிறது. கட்டணம் கிடையாது. கம்பளி போர்த்திய கூட்டம் அசையாமல் அமர்ந்திருந்தது. இரவு முதிர்ந்தபின் ஒரு பாடகர் மால்கௌன்ஸ் தொடங்கினார். மகள் என் கையைப் பற்றி, "அப்பா, இது நம்ம இந்தோளம்!" என்றாள். சுரங்கள் ஐந்தும் அவையே. நாம் கமகத்தால் அசைக்கும் இடங்களில் அவர் நீண்ட இழைவில் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல நடந்தார். யமன் நம் கல்யாணி, பூபாளி நம் மோகனம் என்று அவள் அடுக்கினாள்.

அருகிலிருந்த சீக்கியப் பெரியவர், குளிரில் நடுங்கிய அவளுக்குத் தம் கம்பளியைப் போர்த்தி, "கேள், மகளே" என்றார். இருபது ஆண்டுகளாக இந்நிலத்தின் கோதுமையை உண்டு வாழும் நான், இதன் இசையை அயலாரது என்றேனே என்று நாணினேன்.

இன்று இவ்விழாவில் இறைவணக்கம் பாடியவள் அவள்தான். வாரத்தில் இரு நாள் இந்துஸ்தானி பயில்கிறாள்; ஞாயிறன்று நம் சங்க வகுப்புக்கும் தவறாமல் வருகிறாள். என் வீட்டில் மீண்டும் பாட்டுக் கேட்கிறது. பிள்ளைகளைப் பெற்ற அன்பர்களே, என்னைப் போல் ஓராண்டை வீணாக்காதீர்கள்.