வியாபாரி கேட்ட ஓட்டு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் நடந்த ஒரு தேர்தலைப் பற்றியதாகும். "நமக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். ஊர் வேறு, ஜனங்கள் வேறு என்றாலும், சொந்த வியாபாரத்தில் கோடிகோடியாய்ச் சம்பாதித்தவன் சர்க்காரையும் நன்றாய் நடத்துவான், அவனுக்குத் திருட வேண்டிய அவசியமில்லை என்கின்ற எண்ணம் எல்லா ஊரிலும் ஒன்றாகவே இருந்து வருகின்றது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதைப் பார்ப்பதற்கு ராஸ் பெரோ என்பவரின் வாழ்க்கையைவிடப் பொருத்தமானது நமக்குத் தெரிந்தவரை வேறில்லை.

அவர் 1930-ம் வருஷம் டெக்ஸாஸ் மாகாணத்தில் டெக்ஸார்கானா என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் பஞ்சுத் தரகர். சிறு பிள்ளையில் குதிரைமேல் போய் வீடுவீடாய்ப் பத்திரிகை போட்டதாகச் சொல்லிக்கொள்ளுவார். அவரது சரித்திரத்தை எழுதின ஒருவர், "குதிரையல்ல, சைக்கிள்தான்" என்று எழுதிவிட, அதற்கு அவர் பட்ட கோபம் கொஞ்சநஞ்சமல்ல. குதிரையானால் என்ன, சைக்கிளானால் என்ன? ஒருவர் பணக்காரரானவுடன் அவருடைய பிள்ளைப் பிராயத்துக்கும் ஒரு ஸ்தலபுராணம் தேவையாய்விடுகின்றது போலும்!

பிறகு கடற்படையில் சேர்ந்து, 1957-ல் அதை விட்டு, ஐ.பி.எம். என்னும் கம்ப்யூட்டர் கம்பெனியில் விற்பனைக்காரரானார். கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமேயில்லை. 1962-ல் ஆயிரம் டாலர் முதல் போட்டு, இ.டி.எஸ். என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். மற்ற கம்பெனிகளின் கணக்கு வேலைகளைக் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்துக் கூலி வாங்குவதுதான் தொழில்.

தோழர்களே! இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆயிரம் டாலர் எப்படிக் கோடிகளாயிற்று? கையில் கம்ப்யூட்டர் இருந்ததனால் மாத்திரமா? 1965-ல் அமெரிக்க சர்க்கார், வயோதிகர்களுக்கும் ஏழைகளுக்கும் வைத்தியச் செலவுக்குப் பணம் கொடுப்பதென்று சட்டம் செய்தது. லட்சக்கணக்கான ரசீதுகளைப் பார்த்துப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டும். அந்தக் கணக்கு வேலை பல மாகாணங்களில் பெரோவின் கம்பெனிக்குக் கிடைத்தது. 1968-ல் கம்பெனியின் பங்குகளைப் பொதுஜனங்களுக்கு விற்றார், பெருங்கோடீசுவரரானார். 1970 ஏப்ரலில் பங்கு விலை இறங்கினதில் ஒரே நாளில் சுமார் 45 கோடி டாலர் காகிதத்தில் போயிற்று என்றால் இருப்பு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். வேலை செய்தார், கூலி வாங்கினார். அதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால், சர்க்கார் வாசனையே இல்லாமல் தானாய் முளைத்த பணம் என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கில் ஒரு பக்கம் விட்டுப்போயிற்று என்றுதான் சொல்லுவோம்.

கம்பெனிக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். எல்லோரும் வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, தாடி கூடாது. இஷ்டமில்லாதவர் வெளியே போகலாம். 1984-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 250 கோடி டாலருக்கு அதை வாங்கினார்கள். பெரோவும் அங்கே டைரக்டராய்ப் போய், முதலாளிகளுடைய தப்பையெல்லாம் வெளிப்படையாய்ப் பேச ஆரம்பித்தார். அவர்கள் 1986-ல் சுமார் 70 கோடி டாலர் கொடுத்து, "போய் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வாயைக் கட்ட இவ்வளவு கூலி வேறு யாருக்குக் கிடைத்திருக்கும்?

நிற்க. 1992 பிப்ரவரி 20-ந் தேதி டெலிவிஷனில் பேசும்போது, "ஜனங்களே முயன்று 50 மாகாணங்களிலும் என் பெயரை ஓட்டுச் சீட்டில் ஏற்றினால் பிரசிடெண்டு பதவிக்கு நிற்கிறேன்" என்றார். கட்சி இல்லை, முன்பின் ஒரு பதவியும் வகித்ததில்லை. எதிரில் பதவியிலிருந்த புஷ்ஷும் டெமாக்ரடிக் கட்சி கிளிண்டனும். ஆனாலும் ஜனங்கள் தெருத் தெருவாய்க் கையெழுத்து வாங்கினார்கள். ஜூன் மாதத்தில் எடுத்த ஒரு கணிப்பில் இருவருக்கும் மேலாக நூற்றுக்கு 39 பேர் அவர் பக்கம் இருந்தார்கள்!

இதற்குக் காரணம் பணம் மாத்திரமல்ல. அவர் ஜனங்களிடம் கணக்கைக் காட்டினார். டெலிவிஷனில் அரை மணி நேரத்தைப் பணம் கொடுத்து வாங்கி, படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாய் எடுத்து, "சர்க்காரின் கடன் 4 லட்சம் கோடி டாலர், இந்த வருஷத் துண்டு இவ்வளவு" என்று பள்ளிக்கூட வாத்தியார்போல் விளக்கினார். கோடிக்குமேல் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பாமர ஜனங்களுக்குக் கணக்குப் புரியாது, வேடிக்கைதான் வேண்டும் என்று சொல்லித் திரிகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்? அதுவுமன்றி, பெட்ரோலுக்கு வருஷத்துக்குக் காலனுக்குப் பத்துப் பத்து சென்டாக ஐந்து வருஷம் வரி ஏற்ற வேண்டும் என்றும் ஓட்டுக் கேட்கும்போதே சொன்னார். வரி போடுவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்ட தைரியத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் முதலாளிப் புத்தி விடவில்லை. ஜூலையில் நாஷ்வில் நகரத்தில் நீக்ரோ ஜனங்களின் உரிமைச் சங்க மகாநாட்டில் பேசும்போது, அவர்களை "உங்கள் ஆட்கள்" என்கின்ற மாதிரி அழைத்தார். கூட்டம் முகம் சுளித்தது. அவர் மனதில் கெடுதல் இல்லாமலிருக்கலாம். கேட்டவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியவேயில்லை. சம்பளம் வாங்குகிற ஆளிடம் பேசிப் பழகின நாக்கு அது. ஜூலை 16-ந் தேதி, இராத்தூக்கம் இல்லாமல் கையெழுத்துச் சேர்த்த ஜனங்களைக் கேட்காமலே, "நான் நிற்கவில்லை" என்று சொல்லிவிட்டார். கம்பெனியை மூடுகிறவர் வேலையாட்களையா கேட்கிறார்? அக்டோபர் 1-ந் தேதி திரும்பவும் வந்து நின்றார். ஏன் விலகினீர் என்றதற்கு, ரிபப்ளிகன் கட்சியார் தம் மகளின் கலியாணத்தைக் கெடுக்கச் சதி செய்தார்கள் என்றார். ருஜு எங்கே என்றால் ஒன்றும் காட்டவில்லை. கடன் கணக்குக்கு அட்டை அட்டையாய் ருஜுக் காட்டினவர் இதற்கு வாய் வார்த்தையே போதும் என்று எண்ணினது எப்படி?

முடிவு என்னவென்றால், நவம்பர் 3-ந் தேதி 1 கோடியே 97 லட்சம் பேர் அவருக்கு ஓட்டுச் செய்தார்கள், நூற்றுக்குப் பத்தொன்பது. அந்நாட்டு முறைப்படி பெரும்பாலும் ஒரு மாகாணத்தில் முதலில் வந்தவருக்கே அம்மாகாணத்து எலெக்டர்கள் எல்லோரும் போய்விடுவார்கள். பெரோ எந்த மாகாணத்திலும் முதலில் வரவில்லை. ஆகவே 538 எலெக்டர்களில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். புஷ்ஷைத் தோற்கடித்தது அவர்தான் என்று இன்னமும் சொல்லுகிறார்கள். ஓட்டுச் செய்து வந்தவர்களை அன்றே கேட்டதில், பெரோ இல்லாவிட்டால் இருவருக்கும் சரிபாதியாய்ப் பிரிந்திருப்போம் என்றே சொன்னார்கள்.

அவர் ஜெயித்திருந்தால் நன்றாய் நடத்தியிருப்பாரா? அமெரிக்கச் சட்டசபைகள் இரண்டிலும் 535 பேர். ஒருவர்கூட அவர் கட்சியல்ல. ஒருவரையும் வேலையை விட்டு நீக்க முடியாது. தாடியை எடு என்றும் சொல்ல முடியாது. கேட்கிறவனைச் சம்மதிக்க வைத்தே காரியம் செய்ய வேண்டிய இடம் அது. சம்மதிக்கவைக்கும் சக்தி அட்டையைக் கையில் பிடித்தபோது அவரிடம் இருந்தது. மற்ற நேரத்தில் இல்லை என்பதே நமது அபிப்பிராயம்.

1996-ல் சீர்திருத்தக் கட்சி என்று ஒன்றை வைத்து மறுபடியும் நின்றார். ஓட்டு நூற்றுக்கு எட்டாய்க் குறைந்தது. 1998 முதல் 2001 வரை அமெரிக்க சர்க்கார் வரவு செலவில் மிச்சமே காட்டிற்று. அதன் பிறகு திரும்பவும் துண்டு விழ ஆரம்பித்தது. பெரோ 2019 ஜூலை 9-ந் தேதி தமது 89-வது வயதில் காலமானார். அவர் அட்டையில் எழுதிக் காட்டிய 4 லட்சம் கோடி, 2024 கடைசியில் 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது.