அவரே அழுத்தட்டும்

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

பக்கவாதத்தில் அடிபடுவது கையோ காலோ அல்ல. அவற்றை இயக்கும் மூளைப் பகுதி. ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளையின் மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். நான் வந்து பயிற்சி தருவது தினம் முக்கால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீட்டிலுள்ளவர்களே தலை வாரிவிட்டு, சட்டையும் மாட்டிவிட்டால் அந்தக் கைக்கு வேலை ஏது? முடிந்ததை அவரே செய்யட்டும், நேரமானால் ஆகட்டும்.

எழுந்திருக்க உதவும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடலாம். இடுப்பைத் தாங்கிப் பிடியுங்கள்.

லிஃப்டில் அவர் மெல்லக் கையைத் தூக்கினால், நாம் முந்திக்கொள்ள வேண்டாம். அரை நிமிடம் பொறுப்போம். பட்டனை அவரே அழுத்தட்டும். அதுவும் பயிற்சிதான்.