அரங்கின் அட்டையும் நாட்டின் விசாவும்



புக்கிட் பெருந்துங்கில் கூடியிருக்கும் உங்களுள் சிலரேனும் நாளை செய்தியாளர் ஆவீர்கள் என்னும் நம்பிக்கையில் இப்பொருளைத் தேர்ந்தோம். அனைத்துலகப் போட்டி ஒன்றைப் பற்றி எழுதச் செல்லும் அயல்நாட்டுச் செய்தியாளர் இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டும். அரங்கின் வாயிலைத் திறப்பது, போட்டியை நடத்தும் அமைப்பு வழங்கும் அங்கீகார அட்டை. நாட்டின் வாயிலைத் திறப்பது, குடிநுழைவுத் துறை வழங்கும் விசா. தமிழில் இரண்டையும் 'அனுமதி' என்றே எழுதிவிடுகிறோம். சொல் ஒன்றாகிவிடுவதால், வழங்கும் கைகள் வேறு வேறு என்பது மறைந்துபோகிறது.

ஒலிம்பிக் போட்டியில் இவ்விரு வாயில்களையும் ஓர் அட்டையே திறக்கிறது. ஒலிம்பிக் அடையாள அட்டை, கடப்பிதழுடன் சேர்ந்து, போட்டி நடைபெறும் நாட்டுக்குள் நுழையும் உரிமையைத் தருகிறது. ஆனால் அட்டையைப் பெறுவது எளிதன்று. எந்த நாட்டுக்கு எத்தனை அச்சு ஊடக இடங்கள் என்பதை அனைத்துலக ஒலிம்பிக் குழு வரையறுக்கும். அவற்றை அந்தந்த நாட்டு ஒலிம்பிக் மன்றம் பகிர்ந்தளிக்கும். ஆகவே நம் தமிழ் நாளிதழ் ஒன்று ஆள் அனுப்ப விரும்பினால், அதற்குரிய முதல் வாயில் தோக்கியோவிலோ பாரிசிலோ இல்லை, கோலாலம்பூரிலேயே இருக்கிறது.

கிரிக்கெட்டில் வாயில்கள் இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. 2023இல் இந்தியாவில் உலகக் கிண்ணப் போட்டி அக்டோபர் 5ஆம் நாள் தொடங்கியது. பாகிஸ்தான் செய்தியாளர் பலர்க்கு அப்போதும் விசா வரவில்லை. அகமதாபாத்தில் அக்டோபர் 14 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய பிறகு, இத்தாமதம் குறித்துப் பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியம் அனைத்துலக கிரிக்கெட் மன்றத்திடம் முறையிட்டது. மறுத்துவிட்டால் காரணம் கேட்கலாம். தாமதித்தால் யாரிடம் போய்க் கேட்பது? அதற்குள் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருக்கும்.

பெய்ஜிங் வேறு வழியை நாடியது. 2007 சனவரி 1 முதல் 2008 அக்டோபர் 17 வரை, பேட்டி தருபவர் இசைந்தாலே போதும், உள்ளூர் அதிகாரியின் ஒப்புதல் வேண்டா என அயல்நாட்டுச் செய்தியாளர்க்குத் தற்காலிக விதி செய்தது. காலம் முடிந்த பின்னும் அந்தத் தளர்வு நிலைபெற்றது. சொந்த நாட்டுச் செய்தியாளர்க்கு அது பொருந்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1998 செப்டம்பர் 11 முதல் 21 வரை கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற்றன. ஆசிய மண்ணில் அதுவே முதன்முறை. அதே மாதம் 2ஆம் நாள் துணைப்பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கப்பட்டார். நிறைவு விழாவுக்கு முந்தைய நாள் கைது செய்யப்பட்டார். எலிசபெத் அரசியார் நகரில் இருந்த வேளை அது. தெருக்களில் மக்கள் திரண்டனர். விளையாட்டுக்கென வந்திருந்த அயல்நாட்டுச் செய்தியாளர்களின் கண்முன்னே வேறொரு செய்தி நடந்தது.

கழுத்திலிருந்த அட்டை புக்கிட் ஜாலில் அரங்குக்கு உரியது, தெருவுக்கு உரியதன்று. ஆயினும் கண்ணால் கண்டதை எழுதாமல் விடுவது செய்தியாளர்க்கு அழகாகாது என்பது எங்கள் எண்ணம். விருந்தினராக வந்தவர் தமக்கு இடப்பட்ட எல்லைக்குள் நிற்பதே முறை என்பாரும் உளர். அவர்கள் கூற்றையும் நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. அந்த அட்டை உங்கள் கழுத்தில் இருந்திருந்தால் எதை எழுதியிருப்பீர்கள்? தோட்டப்புறப் பள்ளிகளிலிருந்து வந்துள்ள மாணவர்களே, முதலில் உங்கள் விடையைக் கேட்க விரும்புகிறோம்.