கைமாறிய கடற்கரை மாளிகை



பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் வாழ்கின்ற நம்மிடையே ஒரு பேச்சு அடிக்கடி எழுவதுண்டு. ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டை என்ன செய்வது என்பதே அப்பேச்சு. விற்று விடலாமா, பூட்டி வைக்கலாமா, பங்காளிகளிடம் ஒப்படைக்கலாமா என்று நாம் ஆலோசிக்கிறோம். ஆனேக்கல்லிலும், அத்திப்பள்ளியிலும், சந்தாபுரத்திலும், ஜிகணியிலும் குடியேறி, தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் உழைத்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் இக்கேள்வியை நன்கு அறியும். இங்கே வாடகை வீடு. அங்கே ஆளில்லாத சொந்த வீடு. இவ்விரண்டில் நம் வீடு எது? பத்திரத்தில் பெயர் இருப்பவருக்குத்தான் வீடு சொந்தமா? அல்லது அதில் வாழ்ந்தவருக்கும் அதன்மேல் ஓர் உரிமை உண்டா?

இக்கேள்வியைச் சிந்திப்பதற்குச் சென்னைக் கடற்கரையில் நிற்கும் ஒரு மாளிகையின் வரலாறு நமக்குத் துணை செய்யும். ஐஸ் ஹவுஸ் என்று சென்னை மக்கள் சொல்லுகிற மாளிகையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

கன்னட மொழியில் ஆலங்கட்டிக்கு ‘ஆனெக்கல்லு’ என்ற பெயரும் உண்டு. நம் ஆனேக்கல்லின் பெயரும் அதே ஒலியுடையது. தென்னாட்டுச் சமவெளிகளில் வாழ்ந்த நம் முன்னோர், கோடை மழையோடு வானத்திலிருந்து உதிர்ந்த ஆலங்கட்டியைத் தவிர வேறு பனிக்கட்டியைக் கண்டிருக்க வழியில்லை. கையில் எடுத்த சிறிது நேரத்தில் அது கரைந்து விடும். அத்தகைய பொருளை உலகின் மறுபுறத்திலிருந்து கப்பலில் ஏற்றி வந்து, சென்னையில் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று ஒருவர் நினைத்தார். அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்து வணிகரான பிரெடரிக் டூடர் என்பவரே அவர்.

டூடர் 1806-ஆம் ஆண்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பனிக்கட்டி அனுப்பத் தொடங்கியவர். குளிர் காலத்தில் மாசசூசெட்ஸ் பகுதியின் ஏரிகள் உறைந்து விடும். அவற்றைப் பாளம் பாளமாக அறுத்து எடுப்பார்கள். வெப்பம் புகாதபடி மரத்தூளை இட்டுக் கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்குவார்கள். 1833-ஆம் ஆண்டில் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணத்துக்குப் பின் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. வழியிலே கரைந்தது போக எஞ்சியதே பெரும் லாபத்தைத் தந்தது. வணிகம் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் பரவிற்று. ஹென்றி டேவிட் தோரோ என்னும் அமெரிக்க எழுத்தாளர் வாழ்ந்த வால்டன் குளத்திலும் பனிக்கட்டி வெட்டினார்கள். 1854-இல் வெளிவந்த அவருடைய ‘வால்டன்’ என்ற நூலில், அந்தக் குளத்து நீரைப் பருகக் கூடியவர்களாக அவர் குறிப்பிடும் வெப்ப நாட்டு மக்களுள் சென்னைவாசிகளும் அடங்குவர்.

வந்திறங்கிய சரக்கைப் பாதுகாக்க ஒரு கிடங்கு வேண்டுமல்லவா? அதற்காக 1842-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையோரம் எழுந்ததே இக்கட்டிடம். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சென்று சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும். கடலும் இன்றிருப்பதைவிட அருகிலேயே இருந்தது. பின்னாளில் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்தபோது, அவற்றின் தென்புறத்தில் மணல் சேர்ந்து, கடல் விலகி, இன்று நாம் காணும் அகன்ற மெரினாக் கடற்கரை உருவாயிற்று. ஆகவே இந்த மாளிகைக்கு உடையவர்கள் மாறியது போலவே அதன் முன்னிருந்த கடற்கரையும் மாறிற்று எனலாம்.

பருத்த சுவர்களும், வட்ட வடிவமும் கொண்ட அக்கிடங்கில் வெளிச்சமும் காற்றும் புக இடமில்லை, புகவும் கூடாது. வெள்ளைக்காரத் துரைமார்களின் விருந்து மேசைக்கும், காய்ச்சல் கண்டவர்களின் நெற்றிக்கும் அங்கிருந்து பனிக்கட்டி சென்றது. 1870-களில் நீராவி இயந்திரத்தின் உதவியால் சென்னையிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கினார்கள். உள்ளூரில் கிடைக்கும் பொருளைப் பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து வரவழைப்பார் யார்? சுமார் 1880-ஆம் ஆண்டோடு டூடர் கம்பெனியின் வணிகம் ஒடுங்கிற்று. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த பனிக்கட்டிக் கிடங்குகள் மறைந்து விட்டன. சென்னையில் இருப்பது ஒன்றே எஞ்சியுள்ளது.

அதன் பின் கட்டிடத்தை வாங்கியவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் வழக்கறிஞரான பிலிகிரி ஐயங்கார். பிலிகிரி என்பது கருநாடகத்தின் சாமராஜநகர மாவட்டத்தில், அரங்கநாதர் எழுந்தருளியுள்ள மலையின் பெயர் என்பதை இங்கு வாழும் நேயர்கள் அறிவார்கள். ஐயங்கார் கிடங்கை வீடாக மாற்றினார். காற்று நுழையாத சுவர்களில் சாளரங்கள் திறந்தன. வளைந்த தாழ்வாரங்கள் எழுந்தன. உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த கெர்னன் என்பவரின் நினைவாக, அதற்குக் ‘கெர்னன் கோட்டை’ என்று ஆங்கிலத்தில் பெயர் சூட்டினார். மாளிகையின் ஒரு பகுதியை ஏழை மாணவர் தங்குவதற்கும் அவர் அளித்தார். தமக்கென வாங்கிய வீட்டில் பிறருக்கும் இடம் ஒதுக்கிய இச்செயலே, அம்மாளிகையின் பிற்கால வரலாற்றுக்கெல்லாம் முன்னோடியாக அமைந்தது.

1897-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், மேல்நாடுகளில் புகழ் பெற்றுத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் இலங்கையிலிருந்து பாம்பனில் வந்து இறங்கினார். பிப்ரவரி 6-ஆம் நாள் சென்னை எழும்பூர் நிலையத்தை அடைந்தார். அவர் தங்குவதற்கு ஏற்பாடாகியிருந்த இடம் பிலிகிரி ஐயங்காரின் கடற்கரை மாளிகை. 15-ஆம் நாள் கப்பலேறும் வரை அங்கே தங்கியிருந்தார். 1893-இல் அவர் சிகாகோ நகருக்குச் செல்வதற்காக வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டியவர்களில் முதல்வர் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியர். அவர் சிக்கமகளூரில் பிறந்து சென்னைக்கு வந்து வாழ்ந்தவர். இன்று நாம் தமிழகத்திலிருந்து கருநாடகத்துக்கு வந்திருக்கிறோம். அன்று கருநாடகத்திலிருந்து சென்னைக்குச் சென்றவர்களும் பலர். இவ்விரு நாடுகளுக்கிடையே மக்கள் போவதும் வருவதும் புதிய செய்தி அன்று.

சென்னையில் நிலையானதொரு மடம் வேண்டும் என்று அன்பர்கள் கேட்டுக்கொண்டபடி, விவேகானந்தர் தம்முடைய சகோதரச் சீடரான சுவாமி ராமகிருஷ்ணானந்தரை அனுப்பி வைத்தார். அவர் 1897 மார்ச்சில் வந்தார். விரைவில் இம்மாளிகையின் கீழ்ப்பகுதியே அவருடைய மடமாயிற்று. பெங்களூரில் 1904-ஆம் ஆண்டில் ராமகிருஷ்ண மடத்தின் பணிக்கு வித்திட்டவரும் அவரே.

1902-இல் பிலிகிரி ஐயங்கார் காலமானார். 1906-ஆம் ஆண்டில் மாளிகை ஏலத்துக்கு வந்தது. அன்று நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஏலம் நடந்துகொண்டிருக்கையில் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் வெளியே ஒரு பலகையில் அமைதியாக அமர்ந்திருந்தாராம். அன்பர் ஒருவர் பரபரப்புடன் ஓடி ஓடி வந்து ஏலத்தின் போக்கைத் தெரிவித்தாராம். யார் வாங்கினால் என்ன, குருநாதருக்கு ஒரு சிறு அறை இருந்தால் போதும் என்னும் கருத்துப்பட அவர் மறுமொழி கூறினாராம். மாளிகை வேறொருவர் கைக்குப் போயிற்று. அவர் புறத்தே இருந்த சிறு வீட்டுக்கு மாறினார். 1907-இல் மயிலாப்பூரில் மடத்துக்குச் சொந்தக் கட்டிடம் அமைந்தது.

துறவிக்குச் சிறு அறை போதும். ஆனால் ஒதுங்குவதற்கு ஒரு சிறு மூலையும் கிடைக்காத மக்கள் அக்காலத்தில் நம் நாட்டில் இருந்தார்கள். பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் கணவனை இழந்த சிறுமிகளை எண்ணிப் பாருங்கள். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவர்களுக்கு உரிமை இல்லை. தலையை மழித்து, நல்ல காரியங்களுக்கு முன்னே வரக்கூடாதென்று விலக்கி, அடுக்களையின் இருளிலேயே அவர்களை வைத்திருந்தார்கள். பெரிய பெரிய வீடுகளுக்குள்ளேயே வீடற்றவர்களாக அவர்கள் வாழ்ந்தார்கள்.

அவர்களுள் ஒருவராகிய சுப்புலட்சுமி அம்மையார் 1886-இல் பிறந்தவர். பதினோராம் வயதில் மணமாகி, விரைவிலேயே கணவனை இழந்தார். பெற்றோரின் துணையால் கல்வி கற்று, 1911-ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். சில சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு எழும்பூரில் ஒரு விடுதியைத் தொடங்கினார். பெண் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரோப்பிய அம்மையார் அவருக்கு உறுதுணையாக நின்றார். பிள்ளைகள் பெருகினார்கள், இடம் போதவில்லை. அப்போது அரசாங்கம் ஐஸ் ஹவுஸ் மாளிகையை 1917-ஆம் ஆண்டில் தன்வசப்படுத்தி, விடுதிக்கு அளித்தது.

அன்றுவரை சாளரத்தின் அருகில் நிற்பதற்கும் அஞ்சிய சிறுமிகள், கடலைப் பார்த்தபடி பாடம் படித்தார்கள். அவர்களுட் பலர் ஆசிரியைகளாக வெளியேறிச் சொந்தக் காலில் நின்றார்கள். 1922-இல் அம்மாளிகையை அடுத்து லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது சுப்புலட்சுமி அம்மையாரே அதன் முதல்வரானார். அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளி நடத்தினார். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கென்றே அமைந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. அக்காலத்துச் சமூகக் கட்டுப்பாட்டின் எல்லை அது. எல்லைக்குள் நின்று கதவைத் திறந்த அம்மையார், எல்லைக்கு வெளியேயும் பணிகளை விரிவாக்கினார். 1958-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1969-இல் மறைந்தார்.

விதவைப் பெண்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்த பிறகு, மாளிகை ஆசிரியப் பயிற்சி மாணவிகளின் விடுதியாயிற்று. 1963-ஆம் ஆண்டு விவேகானந்தரின் நூற்றாண்டு விழாவையொட்டி அரசாங்கம் அதற்கு ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயரிட்டது. அவர் வந்து தங்கியதன் நூறாவது ஆண்டாகிய 1997-இல் அம்மாளிகை ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் குத்தகையாக விடப்பட்டது. மடத்தார் பழுது பார்த்துக் கண்காட்சி அமைத்தார்கள். ஏலத்தின்போது வெளியே அமர்ந்திருந்த துறவியின் வழிவந்தவர்கள், தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் உள்ளே வந்தார்கள். அப்போதும் விலை கொடுத்து வாங்கிய உடைமையாளர்களாக அல்ல, பொறுப்பேற்றவர்களாகவே வந்தார்கள்.

இம்மாளிகைக்கு வடக்கே சிறிது தொலைவில் சேப்பாக்கம் அரண்மனை இருக்கிறது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் எழுப்பியது அது. 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி பட்டத்தை ஒழித்தது. அரண்மனை கடனுக்காக ஏலத்துக்கு வர, அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டு அலுவலகங்களை அமர்த்தியது. கோட்டைச் சுவரும் படையும் உடைய மன்னர் குடும்பத்துக்கே உடைமை நிலைக்கவில்லை என்றால், மற்றவர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஐஸ் ஹவுஸ் மாளிகையின் கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டூடர் கம்பெனி பணம் கொடுத்துக் கட்டியது. ஐயங்கார் பணம் கொடுத்து வாங்கினார். ஏலத்தில் எடுத்தவரும் பணம் கொடுத்தார். இவர்களுள் ஏலத்தில் எடுத்தவரின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்? கெர்னன் கோட்டை என்ற பெயரும் வழக்கொழிந்தது. ஒன்பது நாள் விருந்தினராகத் தங்கியவரின் பெயர் வாயிலில் நிலைத்தது. ஐஸ் ஹவுஸ் என்னும் பழம்பெயரோ, பனிக்கட்டி போய் ஒன்றரை நூற்றாண்டை நெருங்கியும், அந்த வட்டாரத்துக்கும் காவல் நிலையத்துக்கும் மக்கள் வழக்கில் வழங்கி வருகிறது.

ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்து, எழுத்தறிந்து, தலைநிமிர்ந்து வெளியேறிய பெண்களின் பெயர் அம்மாளிகைக்கு வழங்கும் எந்தப் பெயரிலும் இடம்பெறவில்லை. விவேகானந்தர் இல்லத்தைக் காணச் செல்லுகின்ற அன்பர்கள், அந்தச் சிறுமிகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நன்று. விவேகானந்தரும் பெண்களின் கல்வியை வற்புறுத்தியவரே. ஆதலால் ஒருவரை நினைப்பது மற்றவரை மறப்பதாகாது.

நம் பூர்வீக வீட்டுக்கும் இதுவே பொருந்தும். அதை வைத்திருக்க இயலுமானால் வைத்திருப்போம். இயலாவிட்டால் விற்பதில் பழியொன்றும் இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் பூட்டிப் போட்டுக் கரையானுக்கு விடுவதைவிட, படிக்கும் பிள்ளை ஒன்றுக்கோ, ஒண்ட இடமில்லாத உறவுப் பெண் ஒருத்திக்கோ அங்கே விளக்கேற்றும் வாய்ப்பை அளிப்பது மேலன்றோ? நாம் இன்று வாடகைக்கு இருக்கும் இல்லத்திலும் இது ஆகக்கூடியதே. ஊரிலிருந்து வேலை தேடி வரும் இளைஞனுக்குச் சில நாள் திண்ணையில் இடம் கொடுத்த குடும்பத்தை அவன் வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டான். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று அவன் விசாரிப்பதில்லை.

விடுமுறையில் சென்னைக்குச் செல்லும் நேயர்கள் மெரினாவில் சற்றே நின்று அந்த வட்ட மாளிகையைக் காணுங்கள். உடன்வரும் குழந்தைகளுக்கு அங்கே இருந்த பனிக்கட்டியின் கதையைச் சொல்லுங்கள். அதனோடு அந்தச் சிறுமிகளின் கதையையும் சொல்லுங்கள்.