பொறுத்துக்கொள்ள வேண்டாத வலி



மாத்தளை மாவட்டத்திலே, இரத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ முதலிய மலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் நம் சகோதரிகளுள் நாற்பது வயதை எட்டிய சிலர், அடிவயிற்றைப் பிழியும் சூதக வலியோடும் ஓயாத உதிரப்போக்கோடும் கூடையைச் சுமந்து நிரையேறுகிறார்கள். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைநாள் கூலியாகிய அரைப்பேர்தான் விழும் என்பதனால், லயத்திலே படுத்திருக்கவும் அவர்களுக்கு இயலுவதில்லை. பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் உள்ளதுதானே என்று மூத்தவர்கள் சொல்லும் ஆறுதலை நான் மனமார மறுக்கிறேன்.

இவ்வேதனைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று அடினோமயோசிஸ் என்னும் நோய். கர்ப்பப்பையின் உட்புறத்தைப் போர்த்து, மாதந்தோறும் தடித்து, உதிரத்தோடு கழிந்துபோகும் மெல்லிய படலமானது, தன் எல்லை கடந்து தசைச்சுவருக்குள்ளே புகுந்து வளருமாயின், மாதவிடாய்க் காலத்தில் அங்கேயே வீங்கிக் கசிய, சுவர் தடித்துக் கர்ப்பப்பையும் பருத்துவிடுகிறது. இது புற்றுநோய் அன்று. 1860ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரத்து ரொக்கிற்றான்ஸ்கி என்னும் பண்டிதர் இதனை விவரித்திருந்தும், அகற்றிய கர்ப்பப்பையை நுணுக்குக்காட்டியில் பார்த்த பின்னரே நோய் நிச்சயமாகும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. இன்றோ பெரும்பாலும் ஸ்கேன் பரிசோதனையே போதுமானது.

ஆகையால், ஒப்பரேசனுக்கு அஞ்சி வைத்தியரை நாடாதிருக்க வேண்டியதில்லை. வலியைத் தணிக்கும் மெபெனமிக் அசிட், உதிரத்தைக் குறைக்கும் டிரனெக்சமிக் அசிட், ஓமோன் மாத்திரைகள், கர்ப்பப்பைக்குள்ளிருந்து ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாய் மருந்தை வெளிவிடும் ஓமோன் லூப் என வழிகள் உண்டு. (செப்பு லூப் வேறு; அது உதிரப்போக்கை அதிகரிக்கவும் கூடும்.) இவை பலிக்காதபோது, இனிப் பிள்ளை வேண்டாம் என்பவருக்குக் கர்ப்பப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை பூரண நிவாரணம் தரும்.

உதிரம் மிகுதியாய்ப் போனால் இரத்தச்சோகை வரும். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். அதற்காகத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைத் தயவுசெய்து வெறுந்தேநீரோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடலிலே சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்துங்கள்.

நம் இலங்கை நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் நடைபெறுகின்றன. அங்கேயோ, உங்கள் பகுதி மருத்துவமாதுவிடமோ, எத்தனை நாள் உதிரம் போகிறது, நாளுக்கு எத்தனை துணி மாற்றுகிறீர்கள், கட்டிகளாய்ப் படுகிறதா என்பவற்றைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அவர்கள் மாத்தளைப் பெரியாஸ்பத்திரிக்கு வழிகாட்டுவார்கள், அரசாங்க வைத்தியசாலையிலே கட்டணமும் இல்லை. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் மீண்டும் உதிரம் கண்டாலோ, ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.