பெட்டியைப் பிரித்த பிறகு தெரிந்தது
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழ்த்தளக் கடைகளுக்கும் சங்க அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரு மெஷ் வைஃபை வாங்கலாமா என்ற தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. செலவழியப் போவது உங்கள் பராமரிப்புப் பணம். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கை தூக்குங்கள் என்று சொல்லத்தான் எழுந்தேன். நான் பி.காம். படித்து வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன், எலக்ட்ரானிக்ஸ்காரன் இல்லை. ஆனால் இப்படி ஒரு பெட்டியைப் பிரித்து, மாட்டி, ஓட விட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பார்த்த இடம் இடைசெவல். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிறதே, கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர், அதேதான். அவர்கள் காலத்தில் தபால்காரரை எதிர்பார்த்து இருந்த ஊரில் இப்போது இணையம் ஒரு நிமிடம் நின்றால் வியாபாரம் நிற்கிறது. அங்கே என் அக்கா மகன் கடை வைத்திருக்கிறான். முன்னால் கடலை மிட்டாய், கருப்பட்டி விற்பனை. பின்னால் பழைய வீடு. அதுதான் குடோன், பேக்கிங் எல்லாம். நடுவில் ஒன்றரை முழக் கல்சுவர், அதற்கு அப்பால் தகரக் கொட்டகை. முன்னறை மோடத்தின் சிக்னல் அந்தச் சுவரைத் தாண்டாது. ஆர்டர் பார்க்கப் பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவார்கள்.

அவன் வாங்கியது நெட்கியர் நிறுவனம் 2017இல் சிறு வணிகங்களுக்கென்றே வெளியிட்ட ஆர்பி ப்ரோ. பிரிக்காத பழைய ஸ்டாக், விலை குறைவாக வந்தது. (பழைய மாடல் வாங்குகிறவர்கள், அதற்கு நிறுவனம் இன்னும் மென்பொருள் அப்டேட் தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விலையை மட்டும் பார்த்தால் போதாது.) உள்ளே இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு கருவிகள், இரண்டு அடாப்டர், ஒரு நெட்வொர்க் கேபிள், சுவரிலோ கூரையிலோ மாட்டுவதற்கான தாங்கி. இணையத்துக்கென்று தனி போர்ட் உள்ளது ரூட்டர், மற்றது சேட்டிலைட். மோடத்திலிருந்து ரூட்டருக்கு வயர் போகும். ரூட்டரிலிருந்து சேட்டிலைட் காற்றில் வாங்கிக்கொள்ளும்.

பெட்டி மேல் ‘ஏசி 3000’ என்று போட்டிருந்தது. “மாமா, மூவாயிரம் ஸ்பீடு!” என்றான். கூட்டல் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? விவரத்தைத் தேடிப் பார்த்தேன். 1733, 866, 400. மொத்தம் 2999. அதை ரவுண்டு பண்ணி மூவாயிரம் ஆக்கியிருக்கிறார்கள். இதில் 1733 இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டும். உங்கள் போனுக்கு அதில் ஒன்றும் கிடையாது. மீதி இரண்டில் ஒரு போன் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும். அந்த எண்களும் சோதனைச் சாலையின் உச்சவரம்பு. எல்லாவற்றுக்கும் மேல், நீங்கள் மாதம் கட்டுவது 100 எம்பி பிளானுக்கு என்றால், எந்தப் பெட்டியை வைத்தாலும் வெளியிலிருந்து வருவது அந்த 100தான். கடைக்காரர் மூவாயிரம், ஐயாயிரம் என்று சொன்னால் இதைக் கேளுங்கள்.

அடுத்தது, வைக்கிற இடம். சிக்னல் இல்லாத இடத்தில்தான் சேட்டிலைட்டை வைக்க எல்லோருக்கும் தோன்றும். அவனும் குடோன் கடைசியில் வைத்தான். வளைய விளக்கு கருஞ்சிவப்பாக எரிந்தது, இணைப்பு இல்லை என்று அர்த்தம். கல்சுவரில் இருக்கும் நிலைவாசலுக்கு நேராகக் கொண்டுவந்ததும் நீலம் வந்தது. வாங்குகிற இடத்தில் சிக்னல் இருந்தால்தானே அது கொடுக்க முடியும்? நம் கட்டடத்தில் கம்பி போட்ட கான்கிரீட் தளங்கள். அதனால் வாய்ப்பு இருந்தால் இரண்டையும் வயரால் இணைப்பதே நல்லது. ஆனால் வாசல் மண்ணில் புதைக்க வேண்டாம். நம் கரிசல் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊதும். மேலாகப் புதைத்த குழாயை இழுத்து விட்டுவிடும். சுவரோரமாகக் குழாயில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இந்த ஏற்பாடு நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனி உரிமம் தேவையில்லை என்றது. அடுத்த மாதமே இமயமலைப் பக்கம் தரம்சாலாவில் இப்படி ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கொடுக்கும் கருவிகளை வைத்து எட்டு வளாகங்களை இணைத்துவிட்டார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு மெஷ்ஷுக்கும் வணிக மெஷ்ஷுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், எட்டும் தூரத்தை நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டி மூன்று தனித்தனி வைஃபை பெயர்களைத் தந்தது: நிர்வாகத்துக்கு ஒன்று, வேலையாட்களுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. பில் போடும் கம்ப்யூட்டரும் சிசிடிவியும் முதலாவதில். பேக்கிங் பையன்கள் இரண்டாவதில். மிட்டாய் வாங்க வருகிறவர் மூன்றாவதில். வங்கியில் கேஷ் கேபினுக்குக் கம்பி வலை போட்டிருப்போமே, அது மாதிரி. வாடிக்கையாளரைத் திருடன் என்று நினைத்துப் போட்டதில்லை அந்த வலை. கண்டவர் கை பணப்பெட்டிக்கு எட்டக் கூடாது என்பதற்காகப் போட்டது.

நம் கட்டடத்தில் நிலவரம் என்ன? வாட்ச்மேன் அறைச் சுவரில் பாஸ்வேர்டு ஒட்டியிருக்கிறது. பார்சல் கொண்டுவருகிறவர், டியூஷன் பிள்ளைகள், பெயின்ட் அடிக்க வந்தவர் எல்லோர் போனிலும் அது இருக்கிறது. அதே வைஃபையில்தான் நம் 10 வருடப் பராமரிப்புக் கணக்கு உள்ள கம்ப்யூட்டரும், சிசிடிவி ரெக்கார்டரும். யாரோ ஒருவர் போனில் கெட்ட ஆப் ஒன்று இருந்தால், அது அதே வலைக்குள் இருக்கும் மற்றக் கருவிகளைத் தேடிப் போக முடியும். போன கூட்டத்தில் ஒரு மணி நேரம் லிஃப்ட் லைட்டைப் பற்றிப் பேசினோம், இதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதற்குப் புதுப் பெட்டி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போதுள்ள சாதாரண ரூட்டர்களிலேயே பெரும்பாலும் ‘கெஸ்ட்’ வசதி உண்டு. செயலாளர் இந்த வாரமே அதைப் போட்டு, சுவரில் அந்தப் பாஸ்வேர்டை மட்டும் ஒட்டலாம். பழைய பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். செலவு ஒரு பைசா இல்லை. அதற்குப் பிறகும் டியூஷன் சென்டருக்கும் பின்பக்கக் கடைகளுக்கும் சிக்னல் எட்டவில்லை என்றால் மெஷ் வாங்க நானே கை தூக்குவேன்.

வாங்கினால் இரண்டு கருவிக்கும் இன்வெர்ட்டர் லைன் வேண்டும்; ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் மின்தடையில் மற்றது செத்துவிடும். பில் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், வாரண்டி கேட்க அதுதான் ஆதாரம். நிர்வாகப் பாஸ்வேர்டை உறையில் போட்டு, ஒட்டி, தலைவரும் பொருளாளரும் மேலே கையெழுத்திட்டு பீரோவில் வைக்க வேண்டும். பொறுப்பாளர்கள் மாறினால் பாஸ்வேர்டும் மாற வேண்டும். ஸ்ட்ராங் ரூம் சாவியை இரண்டு பேர் வைத்திருந்த பழக்கத்தில் சொல்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை 10 மணிக்குக் கீழ்த்தளத்தில் எந்த இடத்தில் சிக்னல் எவ்வளவு என்று நடந்து பார்க்கப் போகிறோம். கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு போனோடு வந்தால் போதும். குறிக்க நோட்டு நான் கொண்டுவருகிறேன்.