குண்டுக்குப் பக்கத்தில் போகும் கைகள்: உடலும் மனமும் தயாராவது எப்படி?

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்களுக்கும் அவர்களைப் பார்க்க வந்த பெற்றோருக்கும் கொட்டாஞ்சேனையில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்கிற நம்ம பிள்ளைகள் சிலர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "இராணுவத்திலோ விசேட அதிரடிப்படையிலோ சேர்ந்து குண்டு செயலிழக்கச் செய்யும் பயிற்சிக்குப் போகலாமா? இல்லாவிட்டால் வன்னிப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகலாமா?" என்பதுதான் அது. பெற்றோரின் கேள்வி அதைவிடச் சின்னது: "அனுப்பலாமா?"

போ என்றோ போகாதே என்றோ நாம் சொல்லப் போவதில்லை. அந்த முடிவு உங்கள் வீட்டில் எடுக்க வேண்டியது. ஆனால் அந்த வேலை உடம்பிடமும் மனசிடமும் என்ன கேட்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். அதற்காகத்தான் இன்று பேசுகிறோம்.

இந்த வேலை நமக்குத் தூரத்து விஷயமல்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, இதே கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. மறுநாள் அந்த ஆலயத்துக்கு அருகில் நிறுத்தியிருந்த ஒரு வேனில் குண்டு இருப்பது தெரியவந்தது. அதைச் செயலிழக்கச் செய்ய முனைந்தபோது அது வெடித்தது. அதே நாள் புறக்கோட்டை பஸ்டியன் மாவத்தை பஸ் நிலையத்தில் 87 டெட்டனேட்டர்கள் கண்டெடுக்கப்பட்டன. ஏப்ரல் 24 அன்று வெள்ளவத்தை சவோய் தியேட்டர் பக்கத்தில் சந்தேகத்துக்குரிய ஒரு மோட்டார் சைக்கிளைப் பாதுகாப்பாக வெடிக்க வைத்துப் பார்த்தார்கள். அதில் குண்டு இருக்கவில்லை.

இந்த இரண்டு சம்பவத்தையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஒன்றில் குண்டு இருந்தது, மற்றதில் இல்லை. ஆனால் பக்கத்தில் போன ஆள் இரண்டு இடத்திலும் ஒரே கவனத்தோடுதான் போக வேண்டும். எல்லோரும் அங்கிருந்து ஓடும்போது அதை நோக்கி நடக்கிற வேலை இது.

வன்னிக் கதையும் நம்ம கதைதான். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. 2009இல் யுத்தம் முடிந்தபோது அவர்கள் கால் வைத்த மண்ணிலும் கண்ணிவெடி இருந்தது. ஹலோ ட்ரஸ்ட், மெக் ஆகிய நிறுவனங்கள் 2002இலிருந்து இலங்கையில் கண்ணிவெடி அகற்றி வருகின்றன. இராணுவத்துக்கும் தனிப் பிரிவு உண்டு. டாஷ் என்ற உள்நாட்டு நிறுவனம் 2010இல் தொடங்கியது. முகமாலை போன்ற இடங்களில் வேலை செய்தவர்களில் பெண்கள் ஏராளம். அவர்களில் பலர் தனியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் மாதத்துக்குள் நிலம் முழுவதும் துப்பரவாக வேண்டும். ஆகவே கண்ணிவெடி வேலை ஆயுள் முழுக்க இருக்கும் உத்தியோகமல்ல என்பதையும் மனதில் வையுங்கள்.

இனித் தயாராவதைப் பற்றிச் சொல்கிறோம். முதலில் உடம்பு.

1. கண், காது, கை. கண்ணிவெடி நிலத்தில் ஆபத்தான பக்கத்துக்குச் சிவப்பு, துப்பரவான பக்கத்துக்கு வெள்ளை என்று அடையாளம் வைப்பார்கள். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கு இந்த வேலை சரிவராது. கருவி எழுப்பும் மெல்லிய சத்தம் காதில் விழ வேண்டும். கை நடுங்கக்கூடாது. விண்ணப்பிக்க முன்பே கண்ணையும் காதையும் சோதித்துப் பாருங்கள்.

2. கால், இடுப்பு, முதுகு. குண்டு செயலிழக்கச் செய்பவர் அணியும் பாதுகாப்பு உடையின் எடை சுமார் 35 கிலோ. ஒரு முழுப் பேருக்கு 18 கிலோ, 20 கிலோ கொழுந்து எடுக்கிற நம்ம தாய்மாருக்கு அந்தப் பாரம் எவ்வளவு என்று நாம் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாள் கொழுந்தை ஒன்றாக உடம்பில் கட்டிக்கொண்டு, குனிந்து நிதானமாக வேலை செய்ய வேண்டும். கண்ணிவெடி வேலையில் உடுப்பு அவ்வளவு பாரமில்லை. ஆனால் முகக் கவசத்தோடு நாள் முழுக்க முழங்காலில் இருக்க வேண்டும். தினமும் மலை ஏறி இறங்குங்கள், குந்தி எழும்புங்கள். முதலில் சும்மா, பிறகு கொஞ்சம் பாரத்தோடு. ஒரே நாளில் கூட்டாமல் கிழமைக்குக் கிழமை கூட்டுங்கள்.

3. வெயில். நுவரெலியாக் குளிரில் வளர்ந்த பிள்ளைக்கு வன்னி வெயில் புதுசு. உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு கிழமை, இரண்டு கிழமை செல்லும். அதுவரை வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

4. சாப்பாடு. காலையில் ரொட்டியும் வெறுந்தேநீரும் மட்டும் போதாது. நம்ம லயங்களில் இரத்தசோகை அதிகம், பெண் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். இரத்தம் குறைந்தால் தலை சுற்றும், கவனம் சிதறும். பருப்பு, கீரை, நெத்தலி, முட்டை எது முடியுமோ அதைச் சேருங்கள். தோட்ட மருந்தகத்தில் சொல்லி இரத்தம் சோதியுங்கள்.

5. குடி. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். இரவு குடித்தவனின் கை காலையில் நடுங்கும். கசிப்பு குடிக்கிறவன் இந்தப் பக்கமே வரக்கூடாது. அவனுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் வேலை செய்கிறவனுக்கும் ஆபத்து. நித்திரையும் அப்படித்தான். நித்திரை முழித்தவனின் கவனம் அவனுக்குத் தெரியாமலே குறையும்.

அடுத்தது மனம். இது உடம்பைவிடக் கஷ்டம்.

முதலாவது, பயத்தைப் பற்றிய தவறான எண்ணத்தை விட வேண்டும். "எனக்குப் பயமே இல்லை" என்கிறவன் இந்த வேலைக்கு ஆகாது. 1980களில் ரக்மன் என்ற உளவியல் அறிஞரும் அவரது குழுவினரும், வட அயர்லாந்தில் கடமை செய்த பிரித்தானிய இராணுவக் குண்டு செயலிழப்புப் பிரிவினரை ஆராய்ந்தார்கள். பயம் இருந்தும் செய்ய வேண்டியதைச் செய்வதுதான் துணிவு என்பது ரக்மனின் கருத்து. நல்ல பயிற்சியும், முதல் சில வேலைகளைச் சரியாகச் செய்து முடித்த அனுபவமும்தான் அவர்களுக்கு நம்பிக்கையைத் தந்தன என்று கண்டார்கள். ஆகவே பயப்படுகிற பிள்ளையைக் கோழை என்று சொல்லாதீர்கள். பழகப் பழகத்தான் மனம் நிதானப்படும்.

நம்ம மலையில் குளவிக் கூடு கலைந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அனுபவமுள்ளவர் கூட்டை முதலிலேயே கண்டுகொள்வார். சத்தம் போடமாட்டார். மற்றவர்களைத் தடுத்து, வந்த வழியே மெதுவாகத் திருப்பிக் கூட்டி வருவார். இந்தப் பயிற்சியிலும் முதல் பாடம் அதுதான்: நில், பார், தொடாதே, வந்த வழியே திரும்பு.

இரண்டாவது, பொறுமை. கண்ணிவெடி நிலத்தில் கருவி சத்தம் போடும்போதெல்லாம் கண்ணிவெடி இருக்காது. பெரும்பாலும் ஆணி, தகரம், துப்பாக்கிச் சன்னம்தான் இருக்கும். நூறாவது தடவையும் தகரமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற நிமிஷம்தான் ஆபத்து. உலோகம் மிகக் குறைந்த வெடிகளும் இருப்பதால், இலங்கையில் பல இடங்களில் வறண்டியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டி எடுக்கும் முறையையும் கையாண்டார்கள். ஒரு நாளில் சில சதுர மீட்டர் நிலம்தான் துப்பரவாகும். அவசரக்காரருக்கு அது பெரிய சோதனை. ஆயிரம் செடியில் ஒவ்வொரு கொழுந்தாகக் கிள்ளிப் பழகிய கைக்கு அந்தப் பொறுமை ஓரளவு இயல்பாகவே இருக்கும்.

மூன்றாவது, விதி. கணக்கப்பிள்ளை பார்த்தால் ஒரு மாதிரி, பார்க்காவிட்டால் ஒரு மாதிரி என்கிற பழக்கம் இங்கே உதவாது. முகக் கவசத்தை ஒரு நிமிஷம் தூக்கிவிட்டு வியர்வை துடைக்கலாம் என்று கை போகும். யாரும் பார்க்கவில்லை என்றாலும் அந்தக் கையை அடக்கத் தெரிய வேண்டும்.

நான்காவது, உண்மை பேசுவது. காய்ச்சல், வீட்டுச் சண்டை, கடன்காரன் தொல்லை எதுவானாலும், "ஐயா, இன்றைக்கு என்னால் முடியாது" என்று காலையிலேயே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதில் வெட்கமில்லை. சொல்லாமல் போவதுதான் குற்றம்.

ஐந்தாவது, வேலைக்குப் பிறகு. நித்திரை வராமை, திடுக்கிடுதல், காரணமில்லாத கோபம் ஏற்பட்டால் மறைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் மனநல ஆலோசனை கிடைக்கும். இது பைத்தியமல்ல. பாரம் தூக்கிய தோள் வலிப்பது போலத்தான்.

தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களுக்கும் சில வார்த்தைகள். குண்டு செயலிழக்கச் செய்யும் பயிற்சிக்கு நேரே எடுக்கமாட்டார்கள். முதலில் படையில் சேர்ந்து அடிப்படைப் பயிற்சி முடிக்க வேண்டும். அதிலிருந்துதான் தெரிவு செய்வார்கள். ஆகவே படிப்பை இடையில் நிறுத்த வேண்டாம். சிங்களம் படிக்கட்டும். கண்ணிவெடி வேலை என்றால் ஒப்பந்தம் எவ்வளவு காலம், காப்புறுதி எவ்வளவு, காயம்பட்டால் யார் பொறுப்பு, அம்புலன்ஸ் பக்கத்தில் நிற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, கடனை அடைக்கப் பிள்ளையைத் தள்ளாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத பிள்ளை, களத்திலும் "முடியாது" என்று சொல்லாது. அங்கே அந்த ஒரு சொல்தான் உயிரைக் காக்கும். போன பிள்ளைக்குக் காலையில் போன் எடுத்து வீட்டுச் சண்டையைச் சொல்லாதீர்கள். மாலையில் சொல்லலாம், அதுவரை சண்டை ஓடிப்போகாது.

இந்த வேலைக்குப் போகாதவர்களும் ஒன்றைப் பழக வேண்டும். பஸ்ஸிலோ கடையிலோ சொந்தக்காரன் இல்லாத பை கிடந்தால் தொடாதீர்கள், திறந்து பார்க்காதீர்கள். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தூரம் போய் 119க்கு அறிவியுங்கள்.

போக விரும்புகிற பிள்ளைகள் நாளைக்கே விண்ணப்பம் எழுத வேண்டாம். மூன்று மாதம் குடிக்காமல், நேரத்துக்குத் தூங்கி, தினமும் மலை ஏறிப் பாருங்கள். சொன்ன வேலையை யாரும் பார்க்காதபோதும் சொன்னபடியே செய்து பாருங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால், அம்மா அப்பாவோடு எம்மிடம் வாருங்கள். விண்ணப்பத்தை ஒன்றாக உட்கார்ந்து நிரப்புவோம்.